லூல்கந்துரத் துரையும் எங்கள் வணிகக் கல்விப் பாடமும்

சஞ்சிகைக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு டீச்சர் கேட்டபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அறிஞர் சித்திலெப்பையின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்டியில் பிறந்து, கண்டி நீதிமன்றங்களில் வழக்காடி, 1882 இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கி, பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டுமென்று பாடுபட்ட ஒருவரை நாம் வருடாவருடம் நினைப்பது நியாயம்தான். ஆனால் நான் கையை உயர்த்துவதற்குள் நான்கு பேர் முந்திவிட்டார்கள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிப்பவள் என்பதால் ஒரு வியாபாரியைப் பற்றி எழுதலாம் என்று யோசித்தேன். கடைசியில் எனக்குக் கிடைத்தவர் வியாபாரியும் அல்லர், முதலாளியும் அல்லர். நாற்பது வருடம் பிறருடைய தோட்டத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தவர். அவர்தான் ஜேம்ஸ் டெய்லர்.

அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எங்கள் கடையில் நடந்த ஒரு சம்பவம்.

வாப்பாவுக்கு கண்டி நகரில் ஒரு சிறிய பலசரக்குக் கடை இருக்கிறது. தேயிலைத் தூளைச் சில்லறையாகவும், பக்கத்திலுள்ள தேநீர்க் கடைகளுக்குக் கிலோக் கணக்கிலும் கொடுப்பார். ஒரு நாள் புதிதாக வந்த ஒருவர் வழமையான விலையை விட மிகக் குறைவாகத் தூள் தருவதாகச் சொல்லி மாதிரிப் பொதியொன்றை வைத்துவிட்டுப் போனார். வாப்பா ஒரு கண்ணாடிக் குவளையில் பச்சைத் தண்ணீரை ஊற்றி அந்தத் தூளில் ஒரு சிட்டிகை போட்டார். நல்ல தேயிலை குளிர்ந்த நீரில் ஆறுதலாகத்தான் நிறம் விடும். இதுவோ விழுந்த உடனேயே செம்மண் கரைந்ததுபோல் நிறத்தை இறக்கியது. கழிவுத் தேயிலைக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பொதியைக் கட்டி வைத்தார். மறுநாள் வந்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மாதமே இரண்டு தேநீர்க் கடைகள் எங்களை விட்டுவிட்டு மலிவான தூள் கிடைக்கும் இடத்துக்குப் போய்விட்டன.

எனக்குக் கோபம் வந்தது. எல்லோரும் விற்கிறார்கள், நாங்கள் மட்டும் ஏன் நஷ்டப்பட வேண்டும் என்று கேட்டேன். வாப்பா புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. வணிகச் சட்டம் படிக்கிறாய்தானே, இப்படியான தூளை விற்றால் யார் பொறுப்பு என்று உன் புத்தகத்தில் பார்த்துச் சொல் என்றார்.

பார்த்தேன். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டப்படி, தேயிலை என்று விவரித்து விற்றால் அது அந்த விவரணத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் கலப்படம் செய்த உணவைத் தயாரிப்பதோடு விற்பதையும் தடுக்கிறது. சாயம் ஏற்றியவர் எங்கோ இருக்க, பொலித்தீன் பையில் நிறுத்துக் கொடுத்தவரும் குற்றவாளியாகலாம். இதையெல்லாம் தேடப் போய்த்தான், இந்த நாட்டில் முதன்முதலாகத் தேயிலையை விற்பனைக்கென்று செய்தவர் யார், அவர் எப்படிச் செய்தார் என்ற கேள்வி பிறந்தது.

ஜேம்ஸ் டெய்லர் 1835 இல் ஸ்கொட்லாந்தில் கின்கார்டின்ஷயர் என்ற பிரதேசத்தில் பிறந்தார். தகப்பன் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். சிறு வயதிலேயே தாயை இழந்த பிள்ளை. 1851 இல், பதினாறு வயதில், இலங்கையின் கோப்பித் தோட்டமொன்றில் உதவி மேற்பார்வையாளராக மூன்று வருடம் வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். சம்பளம் வருடத்துக்கு 100 பவுண். 1852 பெப்ரவரியில் கொழும்பில் இறங்கினார்.

இந்த இடத்தில் எங்கள் பாடம் குறுக்கே வந்து நின்றது. வலிதான ஒப்பந்தத்துக்கு முனைவு வேண்டும், ஏற்பு வேண்டும், ஒப்பந்தம் செய்யும் தகைமை வேண்டும், சுதந்திரமான சம்மதம் வேண்டும் என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். நம் நாட்டில் இன்று பராயமடையும் வயது 18. 1989 வரை அது 21 ஆக இருந்தது. பதினாறு வயதுப் பையன், கண்டிராத நாட்டில், கண்டிராத முதலாளிக்கு மூன்று வருடத்தை எழுதிக் கொடுக்கிறான். என் தம்பிக்கு அடுத்த மாதம் பதினாறு ஆகிறது. அவனை உம்மா கட்டுகஸ்தோட்டைக்குக்கூடத் தனியாக அனுப்பமாட்டார்.

டெய்லர் வந்து சேர்ந்த இடம் லூல்கந்துர. கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாக மலையேறினால் வரும். அப்போது அது காட்டை வெட்டிக் கோப்பி நட்டுக்கொண்டிருந்த தோட்டம். மலையிலிருந்து கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியிலும் தவளத்திலும் கீழே இறங்கின. பொதி மாடுகளை ஓட்டியவர்களில் நம் சமூகத்தவரும் இருந்தார்கள். தெல்தோட்டையில் இருக்கும் என் உம்மும்மாவின் குடும்பத்தில் தவளக்காரக் கிழவர் ஒருவரைப் பற்றிய கதை இன்னும் உண்டு. வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களோ தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக நாட்கணக்கில் நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்தார்கள். வழியில் கொலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களும் ஒப்பந்தக்காரர்கள்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

டெய்லரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. எதையும் தன் கையால் செய்து பார்க்காமல் விடமாட்டார். பேராதனைப் பூங்காவிலிருந்து கிடைத்த சிங்கோனாக் கன்றுகளை வளர்த்துக் காட்டினார். கொய்னா மருந்து எடுப்பது அந்தப் பட்டையிலிருந்துதான். தேயிலை விதைகளையும் முதலில் பேராதனையிலிருந்து பெற்று லூல்கந்துரவில் பாதையோரமாக நட்டார். 1867 இல் 19 ஏக்கரைத் துப்புரவாக்கி அசாம் இனத் தேயிலையைப் பயிரிட்டார். இலங்கையில் வர்த்தக நோக்கத்தோடு நடப்பட்ட முதல் தேயிலை அதுதான். அதே 1867 இல்தான் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதமும் வந்தது.

செடி வளர்ந்துவிட்டது. கொழுந்தை என்ன செய்வதென்று இங்கே யாருக்கும் தெரியாது. இந்தியாவின் கச்சார் பகுதியிலிருந்து வந்த நோபல் என்ற தோட்டக்காரரிடம் கொழுந்து பறிப்பதையும் வாட்டுவதையும் டெய்லர் கேட்டுத் தெரிந்துகொண்டார். தொழிற்சாலை கிடையாது. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, வாட்டிய கொழுந்தைக் கையால் உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி போட்டு, கம்பி வலைத் தட்டில் பரப்பிக் காய்ச்சினார்கள். அப்படிச் செய்த தேயிலை முதலில் விலைப்பட்டது இங்கேதான், நமது கண்டியில். இறாத்தல் ஒன்று ஒன்றரை ரூபாய். 1872 இல் தோட்டத்தில் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. கொழுந்தை உருட்டுவதற்கு அவரே ஓர் இயந்திரத்தையும் அமைத்தார். 1873 இல் லூல்கந்துரத் தேயிலை 23 இறாத்தல் லண்டனுக்குப் போனது. இன்றைய கணக்கில் பத்துக் கிலோவுக்குச் சற்றுக் கூட. வாப்பாவின் கடையில் இரண்டு வாரத்தில் விற்றுத் தீரும் அளவு.

அந்த 23 இறாத்தலும் எந்த மாதிரியான சந்தைக்குப் போய் இறங்கியது என்பதை வாசித்தபோதுதான் எனக்கு வாப்பாவின் குவளை ஞாபகம் வந்தது. அக்காலத்து லண்டனில் தேயிலைக் கலப்படம் சர்வசாதாரணம். சீனாவிலிருந்து வந்த பச்சைத் தேயிலைக்கு நீலச் சாயமும் ஜிப்சமும் பூசினார்கள். ரொபர்ட் போர்ச்சூன் என்ற தாவரவியலாளர் சீனாவுக்கே போய் அதைக் கண்ணால் கண்டு எழுதினார். லண்டனிலேயே, ஒருமுறை ஊறவைத்த இலையை வாங்கிக் காயவைத்துச் சாயமிட்டு மறுபடி விற்றவர்களும் இருந்தார்கள். பிரித்தானியப் பாராளுமன்றம் 1860 இலும் 1872 இலும் கலப்படத்துக்கு எதிராகச் சட்டமியற்றியது. 1875 ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதியாகும் தேயிலையைச் சுங்கத்திலேயே பரிசோதிக்க ஏற்பாடு செய்தது. சாயமில்லாத கறுப்புத் தேயிலைக்கு நல்ல காலம் பிறந்தது இதன் பின்னர்தான். இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் சுத்தமானவை என்ற பேரிலேயே சீனத் தேயிலையைப் பின்தள்ளின. இன்று நம் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை பொதிகளில் இருப்பதும் அந்தப் பேரைக் காப்பதற்குத்தான். கலப்படக்காரர் ஒருவர் வாப்பாவின் கடைக்கு வந்து ஏமாற்றப் பார்த்தது என்னைப் பொறுத்தவரை வாப்பாவை மட்டுமல்ல. லூல்கந்துர விறாந்தையில் கை நோகக் கொழுந்து உருட்டியவர்கள் சேர்த்து வைத்த முதலிலும் அவர் கை வைக்கிறார்.

இதற்கிடையில் கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1869 இல் இலையில் துருப் பிடித்தாற்போல் ஒரு நோய் தோன்றி, பதினைந்து வருடத்தில் மலைநாட்டின் கோப்பியை அழித்துவிட்டது. தோட்டங்கள் ஈட்டுக் கடனில் மூழ்கின. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. அக்காலத்தில் வங்கிகளே நாணயத்தாள் வெளியிட்டன. சட்டைப் பையில் ஓரியண்டல் வங்கித் தாள் வைத்திருந்தவர் ஒரே நாளில் வெறுங்கையராகும் நிலை. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்ததால் கண்டிக் கடைவீதி பிழைத்தது.

கூலி கிடைக்காத தொழிலாளருக்கு யார் பொறுப்பு? தோட்டக்காரர் நொடித்துப் போனால் தோட்டம் கடன் கொடுத்தவருக்குப் போகும். மாதக்கணக்கில் வெயிலில் நின்றவர் வரிசையில் கடைசி. அதே 1884 இல்தான் தொழிலாளரின் கூலியைத் தோட்டத்தின் மீதான முதல் கடனாக்கும் சட்டம் வந்தது. பங்குடைமை, ஐந்தொகை என்று படிக்கும்போது கடன்கொடுத்தோர் என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போகிறோம். அந்தச் சொல்லுக்குள் சம்பளம் கிடைக்காத கொழுந்துக்காரியும் இருக்கிறாள் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை.

இப்போது அந்த ஒப்பந்தக் கதைக்கு வருகிறேன். டெய்லர் தன் மூன்று வருட ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போயிருந்தால் முதலாளி குடியியல் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்டிருக்கலாம். அவருக்குக் கீழே வேலை செய்த தொழிலாளி சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போனால் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி அது குற்றம். சிறைக்கு அனுப்பலாம். இரண்டும் வேலை ஒப்பந்தம்தான். ஒன்றை மீறினால் கடன், மற்றதை மீறினால் மறியல். இதற்கு மேல் துண்டு முறையும் வந்தது. தொழிலாளி கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று ஒரு துண்டில் எழுதியிருக்கும். அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவர் போகலாம். தீர்க்க வழியில்லாதவர் இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். சுதந்திரமான சம்மதம் என்ற மூலகத்தை இங்கே எங்கே தேடுவது? துண்டும் சிறைத் தண்டனையும் 1921 இல்தான் ஒழிந்தன. டெய்லர் இறந்து அப்போது 29 வருடம்.

இந்தச் சட்டத்தை டெய்லர் எழுதவில்லை. ஆனால் அதன் நிழலில்தான் அவர் தோட்டம் நடந்தது. வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போவதை நான் கவனித்தேன். கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே வந்துபோனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கினார்கள். மலையகம் என்ற ஒரு சமூகமே அந்த 19 ஏக்கரிலிருந்து பரவியது எனலாம். ஒரு வணிகத்தின் சமூகப் பொறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்று பரீட்சையில் கேட்டால், எங்கள் பாடக் குறிப்பில் உள்ள நான்கு வரியை விட இது பெரிய விடை.

அவரிடம் நான் மதிப்பது வேறொன்று. கற்றதை ஒளித்து வைக்கவில்லை. தேயிலை செய்யும் முறையைப் பார்க்க வந்த அயல் தோட்டத்துக்காரருக்கெல்லாம் விளக்கிக் காட்டினார். இன்று இதற்குப் புலமைச் சொத்து, வியாபார இரகசியம் என்று பெயர். 1880 இல் சுமார் 81 தொன்னாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி 1890 இல் 22,000 தொன்னைத் தாண்டியது. கோப்பியோடு அழிந்திருக்க வேண்டிய தோட்டங்கள் பிழைத்தன. அந்த 1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். லிப்டனின் பெயர் உலகெங்கும் பொதியில் ஏறியது. டெய்லருக்குத் தோட்டக்காரர் சங்கம் வெள்ளித் தேநீர்ப் பாத்திரத் தொகுதியொன்றைப் பரிசளித்தது. நாற்பது வருடத்தில் அவர் எடுத்த பெரிய விடுமுறை ஒன்றே ஒன்று. 1874 இல் போனார். போன இடம் டார்ஜிலிங். அங்கேயும் தேயிலையைத்தான் பார்த்தார்.

லூல்கந்துர இதற்குள் கைமாறி ஒரு கம்பனிக்குச் சொந்தமாகியிருந்தது. கம்பனி என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். வழக்காடலாம், சொத்து வைத்திருக்கலாம், சாவில்லாமல் வாழலாம். முகம் மட்டும் கிடையாது. அந்த முகமில்லாத ஆள் 1892 இல் டெய்லரை வேலையிலிருந்து போகச் சொன்னது. தான் நட்ட செடியை விட்டுப் போக அவர் மறுத்தார். சட்டப்படி கம்பனிக்கு அந்த உரிமை இருந்திருக்கலாம். அக்காலத்தில் உடைமையாளர் விரும்பினால் சேவையாளரை நிறுத்த முடிந்தது, அறிவித்தல் கொடுத்தால் போதுமாக இருந்தது. நாற்பது வருடத்தை எந்தப் பேரேட்டில் பதிவது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. இழுபறி முடியுமுன்னரே வயிற்றுளைவு கண்டு, 1892 மே 2 ஆம் திகதி, தன் பங்களாவிலேயே இறந்துபோனார். வயது 57.

அவரை அடக்கியிருப்பது மஹியாவை மயானத்தில். கடந்த விடுமுறையில் வாப்பா கடையை மத்தியானம் பூட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் இந்நாட்டில் முன்னோடி என்று கல்லில் வெட்டியிருக்கிறது. லூல்கந்துரவிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 18 மைல். ஆஜானுபாகுவான அந்த மனிதரின் பெட்டியைத் தோட்டத் தொழிலாளர் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு அணி பிரிந்து, மாறி மாறித் தோளில் சுமந்து வந்தார்கள். பின்னால் நடந்தவர்கள் சாமித் துரை என்று சொல்லி அழுதார்களாம். வாப்பா கல்லருகே நின்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கம்பனியிலிருந்து யாரும் வந்தார்களா என்று கேட்டார்.

அன்றே தெல்தோட்டைக்குப் போனோம். உம்மும்மாவின் பக்கத்து வீட்டில் ஓர் ஆச்சி இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். விரல் நுனிகளில் கறை இன்னும் போகவில்லை. நான் எழுதிவைத்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கட்டளைச்சட்டங்கள் வந்த இடத்தில் வெற்றிலைப் பையைத் திறந்துகொண்டார். துண்டு என்ற சொல் வந்தபோது மட்டும் தலையாட்டினார். தன் பாட்டியின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாராம். பெட்டியைச் சுமந்து போன கதையைக் கடைசிவரை கவனமாகக் கேட்டார்.

முடிந்ததும் ஒரேயொரு விஷயம் விசாரித்தார். அன்றைக்கு அந்த 24 பேருக்கும் செக்ரோலில் முழுப் பேர் போட்டார்களா, அரைப் பேரா?

நான் கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். ஆட்களின் தொகை இருந்தது, பாதையின் தூரம் இருந்தது, துரையின் எடைகூட இருந்தது. ஆச்சி வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.